கற்பகத்துக்கு, சீட்டுக்கட்டைப் பற்றி

அன்புள்ள கற்பகம்,

மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று ரோஸி சொன்னாள். சந்தோஷம். உன் பதிலுக்குக் காத்திருந்து அலுத்துப்போய் நானே எழுதுகிறேன். ரிட்டையர் ஆன பிறகும் உனக்கு அப்படி என்னடீ நைட் டியூட்டி?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் டாரட் கற்றுக்கொள்கிறேன், படச் சீட்டு எடுத்துக் குறி சொல்வார்களே, அதுதான். சிரிக்காதே. வார்டன் மேடம் தலையில் அடித்துக்கொள்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. சின்னவள் பெங்களூரிலிருந்து ஒரு கட்டு வாங்கி வந்தாள். அவளுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது, நான் பிடித்துக்கொண்டேன்.

மொத்தம் 78 சீட்டு. அதில் 22 பெரிய சீட்டுகள், மேஜர் ஆர்கானா என்கிறார்கள். சூரியன், நிலா, மரணம், கோபுரம் எல்லாம் அதில்தான். மீதி 56-ஐப் பார்த்தால் உனக்கு ரம்மி ஞாபகம் வரும். கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு இனம். ஆஸ் முதல் பத்து வரை, அதற்கு மேல் ஏவலாள், குதிரைவீரன், ராணி, ராஜா. 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் இது வெறும் சீட்டாட்டமாகத்தான் பிறந்திருக்கிறது. ஜோசியமெல்லாம் முந்நூறு வருஷம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. 1781-இல் பிரான்சில் ஒருவர் இது பழைய எகிப்தின் ஞானம் என்று எழுதினார். ஆதாரம் எதுவும் இல்லை, ஆனால் இன்றைக்கும் அதையே சொல்லி விற்கிறார்கள்.

என்னை இழுத்தது ஜோசியமில்லை, அந்தப் படங்களை வரைந்த பெண். பமீலா கோல்மன் ஸ்மித். 1909-இல் லண்டனில் ஆர்தர் வெயிட் என்பவர் கேட்டு வரைந்து கொடுத்தாள். அதுவரை பெரும்பாலான கட்டுகளில் ஐந்தாம் கோப்பை என்றால் ஐந்து கோப்பைகளின் படம், அவ்வளவுதான். இவள் ஒவ்வொன்றிலும் ஒரு காட்சியை வைத்தாள். கறுப்புப் போர்வைக்காரன் ஒருவன், கவிழ்ந்து கொட்டிக் கிடக்கும் மூன்று கோப்பைகளையே பார்த்தபடி நிற்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் நிமிர்ந்து நிற்கின்றன. ஆற்றின் மேல் பாலமும் இருக்கிறது. திரும்பினால் போதும், அவன் திரும்பவில்லை. நம் சரோஜா அந்த வருஷம் முழுக்க இப்படித்தானே நின்றாள்?

'மிகக் கொஞ்சப் பணத்துக்கு மிகப் பெரிய வேலை' என்று அந்தச் சமயத்தில் ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறாள். கட்டின் பெயரில் பதிப்பாளர் ரைடர் இருந்தார், வெயிட் இருந்தார், இவள் இல்லை. 1951-இல் கடனோடு செத்துப்போனாள். ஆனால் ஒவ்வொரு சீட்டின் ஓரத்திலும் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் பின்னி வரைந்து வைத்திருக்கிறாள். சீட்டை எடுத்தால் நான் முதலில் தேடுவது அதைத்தான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, கற்பகம். உலகமே அவள் படத்தைப் பார்த்துக் குறி சொல்லிச் சம்பாதிக்கிறது.

படிக்கிற முறை எளிதுதான். காலையில் கட்டைக் கலைத்து ஒரு சீட்டு எடுக்கிறேன். புத்தகத்தைத் திறக்காமல் என்ன தெரிகிறது என்று நோட்டில் எழுதுகிறேன், அப்புறம்தான் அர்த்தம் பார்ப்பது. தலைகீழாக வந்தால் வேறு பலன் என்பார்கள், அதை இப்போதைக்குத் தொடவில்லை. பத்துச் சீட்டுப் பரப்புகிற கெல்டிக் கிராஸ் பக்கமும் போகவில்லை. மூன்று சீட்டே எனக்கு நிறைய.

இதெல்லாம் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அடுத்த தெரு அக்கா வந்தார். கணவருக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வரவில்லை. 'சீட்டுப் போட்டுச் சொல்லு, நல்லபடியா வருமா வராதா?' என்றார். கிளி ஜோசியக்காரர் முன்னால் உட்கார்கிறவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறாயே, அதே முகம். இதைச் சீட்டு சொல்லாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே கட்டிலிருந்து ஒன்றை உருவிவிட்டார். ஒன்பதாம் வாள். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடியிருக்கும் ஒருத்தி. பின்னால் இருட்டில் ஒன்பது வாள்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா ரொம்ப நேரம் அதையே பார்த்துவிட்டு, 'இது நான்தான், ராத்திரியெல்லாம் இப்படித்தான் உட்கார்ந்திருக்கேன்' என்றார். பிறகு பேசினார் பார். பிள்ளைகளிடம் சொல்லாததையெல்லாம் பேசினார். காபி ஆறிப்போய் மறுபடி போட்டேன். நூறு வருஷத்துக்கு முன் வரைந்த ஒரு படம் இந்த அக்காவைப் பேச வைத்ததே, அதற்காகவே இதை விடமாட்டேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறாராம். ஆமாம் இல்லை என்று பதில் வேண்டுமாம். காசு தரவும் தயாராக இருக்கிறார். காசு வாங்கமாட்டேன், பதிலும் சொல்லமாட்டேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வெறுங்கையோடு அனுப்பத்தான் மனசு வரவில்லை. வார்டு வாசலில் உன் கையைப் பிடித்துக்கொண்டு 'பிழைச்சிடுவாரா சிஸ்டர்?' என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். அவர்களிடம் நீ என்ன சொல்வாய்? வெள்ளிக்கிழமைக்குள் எழுது. எழுத முடியாவிட்டால் போன் செய், ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
மல்லிகா