சத்திரத்தில் உட்கார்ந்திருந்தவள்

அம்மணி,

கட்டட சைட்டில் நான் ஒருத்திதான் பொண்ணு, யார் கண்ணிலும் படாமல் இருக்கத் தொளதொளவென்று ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்கிறேன் என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து மனசு அதையேதான் சுற்றுகிறது. இங்கே கோத்தகிரியில் விடாத மழை. தம்பி டிவியில் ஒரு பழைய ஹாங்காங் படம் போட்டான், 'கம் டிரிங்க் வித் மீ', 1966-ல் கிங் ஹூ எடுத்தது. பார்க்கப் பார்க்க உன் ஞாபகம்தான்.

கொள்ளைக்காரர்கள் கவர்னர் மகனைப் பிடித்து வைத்துக்கொண்டு எங்கள் தலைவனை விடு என்கிறார்கள். அவனை மீட்கக் கூடப்பிறந்தவளே ஆண் வேஷத்தில் தனியாக ஒரு சத்திரத்துக்கு வருகிறாள். அந்த இடத்தை மட்டுமாவது பார் கண்ணு. மேஜைக்கு மேஜை அவன்கள் ஆட்கள், சீண்டுகிறார்கள், அவளோ தலையில் அகலத் தொப்பியோடு நிதானமாக உட்கார்ந்து குடிக்கிறாள். மீசை ஒன்றும் ஒட்டிக்கொள்ளவில்லை. முதுகு வளையாமல் உட்கார்ந்திருக்கிறாளே, அதிலேயே எதிராளிக்குப் பாதி பயம் வந்துவிடுகிறது. நடித்த செங் பெய்-பெய் பாலே நடனம் படித்தவராம், சண்டைகளை பீக்கிங் ஓபரா என்கிற சீனக் கூத்தின் தாளத்தில் அமைத்தார்களாம், தம்பி சொன்னான். இரண்டு குட்டைக் கத்திகளோடு அவள் சுழல்வதைப் பார்த்தால் உனக்கே புரியும். அந்தம்மா 2024-ல்தான் காலமானார்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவேயில்லை. விஷ அம்பு பட்டு அவள் விழுந்ததும் ஒரு குடிகாரன் வந்து காப்பாற்றுகிறான், சரி, ஆனால் கடைசிப் பெரிய சண்டையையும் அவனுக்கே கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் அவள் பெண் உடையிலேயே, பெண்கள் படையைக் கூட்டிக்கொண்டு வருகிறாள், அந்த மட்டும் சந்தோஷம்.

நானும் உங்கப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டி, இடுப்பில் படங்கு என்கிற முரட்டு விரிப்பைக் கட்டிக்கொண்டுதான் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறேன். செடி கையைக் கிழிக்கும், பனி உள்ளே இறங்கும், அதற்காக. நீயும் வேலைக்கு வசதி என்றால் தாராளமாகப் போட்டுக்கொள். ஒளிந்துகொள்ளப் போடுகிறாய் என்றால்தான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. பிளானைப் பார்த்ததும் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கிறவள் நீ.

அப்புறம், அளவு தப்பு என்று நீ சொல்லியும் மேஸ்திரி காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றாயே, அது என்ன ஆயிற்று? மறுபடி அளந்தார்களா? ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது முதலில் அதைச் சொல்.

அம்மா