பாப்பா சொன்னத நம்புன எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம், ஆந்திரா நகரியில இருந்து எழுதுறேன். எங்க பாப்பாவுக்கு ரெண்டு வயசு நாலு மாசம். கால்ல எலும்பு விரிசல் விட்டிருந்தத ஒன்பது நாள் நாங்க யாருமே கண்டுபிடிக்கல, இப்ப மாவுக்கட்டு பிரிச்சு ரெண்டு வாரம் ஆச்சு, கால் சரியாயிடுச்சு. நேர்ல பாத்து சொல்ல முடிஞ்சவங்களுக்கு சொல்லிட்டேன், ஆனா பேர் கூட கேக்காம விட்டவங்க ரெண்டு மூணு பேர் இருக்காங்க, அவங்க கண்ணுல படட்டும்னு தான் இத போடுறேன்.

நடந்தது இதான். சொந்தக்காரங்க விசேஷத்துக்கு போன ஊர்ல ஒரு பார்க், அங்க சறுக்குமரம் பாத்துட்டு பாப்பா ஒரே அடம், தனியா விட பயமா இருந்துச்சு, அதனால நான் தான் மடியில வெச்சுக்கினு சறுக்குனேன். பாதி வழியில அவ ரப்பர் ஷூ பக்கத்து தகரத்துல ஒட்டி நின்னுடுச்சு, என் வெயிட்டோட நாங்க ரெண்டு பேரும் கீழ போய்க்கினே இருக்கோம், அவ கால் மட்டும் அங்கயே நின்னு திரும்பிச்சு. ஒரு கத்து கத்துனா. தூக்கி பாத்தேன், வீக்கம் இல்ல ரத்தம் இல்ல, பலூன் வாங்கி குடுத்ததும் அழுகை நின்னுது, நானும் மறந்துட்டேன்.

மறுநாள் காலையில எறக்கி விட்டா நிக்க மாட்டேங்குறா. பக்கத்துல ஒரு இடத்துல காட்டுனோம், எக்ஸ்ரே எடுத்தாங்க, ஒண்ணும் இல்ல சுளுக்கு தான்னு சொல்லி வலிக்கு சிரப் குடுத்து அனுப்பிட்டாங்க. ஒரு வாரத்துல நடக்கலன்னா திரும்ப வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருப்பேன், சொல்லல. வீட்டுல எல்லாரும் தம்பி பொறந்த ஏக்கம், இவளும் தவழ்ந்து காட்டுறான்னு சொன்னாங்க, நானும் அதத்தான் நம்புனேன், திருஷ்டி கூட சுத்தி போட்டோம். அஞ்சாவது நாள் தறி ஓட்டுற அவசரத்துல கோவம் வந்து ரெண்டு கைய பிடிச்சு நிறுத்தி நட நடன்னு இழுத்தேன், அவ அழாம அப்படியே உக்காந்து என் மூஞ்சிய பாத்தா. அந்த பார்வை இன்னைக்கும் ராத்திரி தூக்கத்துல வருது. முட்டி ரெண்டுலயும் பஞ்சு ஒட்டிக்கினு தறிக்கு தறி தவழ்ந்து வருவா, அந்த சத்தத்துல அவ முனகுறது எங்க கேக்கும்.

முதல் நன்றி எங்க அங்கன்வாடி ஆயம்மாவுக்கு. ஒன்பதாவது நாள் நீங்க தான் என்ன நிறுத்தி, "ஏம்மா, தவழும்போது பாரு, எவ்ளோ வேகமா போறா, முட்டிக்கு மேல ஒரு கோளாறும் இல்ல. நிக்க வெச்சா மட்டும் இடது கால தூக்கிக்குறா. ஏக்கத்துல பண்ற கொழந்தை எப்பவும் அதே கால தூக்குமா?"ன்னு கேட்டீங்க. பெத்தவ நான் ஒன்பது நாள் பாக்காதத நீங்க ஒரு காலை நேரத்துல பாத்தீங்க ஆயம்மா.

அடுத்து கட்டு போடுற தாத்தா. எங்க பக்கத்துல எலும்புன்னாலே புத்தூர் கட்டு தான, எங்க எங்கயோ இருந்து ஜனம் புத்தூருக்கு வருது, நாங்களும் அன்னைக்கே புத்தூர் பக்கம் தெரிஞ்ச தாத்தா ஒருத்தர் கிட்ட ஓடுனோம். மூங்கில் பத்தை, துணி எல்லாம் பக்கத்துலயே இருந்துச்சு, ஆனா தாத்தா இழுக்கல நீவல, எண்ணெய் கூட தொடல. முழங்காலுக்கு கீழ முன் எலும்பு மேல ஒத்த விரல மெதுவா ஓட்டிக்கினே வந்தார், கணுக்காலுக்கு கொஞ்சம் மேல வந்ததும் பாப்பா துள்ளுனா. மறுபடி ஓட்டுனார், அதே இடம். "சின்ன பில்ல அபத்தம் ஆடதம்மா"ன்னு தெலுங்குல சொன்னார், சின்ன கொழந்தை பொய் சொல்லாதும்மான்னு. மறுபடி படம் எடுங்க, அதுக்கு அப்புறம் தான் எதுவா இருந்தாலும்னு சொல்லிட்டார், கட்டுக்கு வர்ற காச வேணான்னுட்டு எங்கள திருப்பி அனுப்புனார். தாத்தா, உங்க கால்ல விழுந்து கும்பிடணும்.

எங்க தெரு ஆட்டோ அண்ணா, ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷன்ல விட்டுட்டு போயிருக்கலாம், எங்க வீட்டுக்காரர் தறியில மாட்டிக்கினு இருக்கார் நான் கைக்கொழந்தையோட தனியா இருக்கேன்னு வண்டிய ஓரம் போட்டுட்டு மறுபடி படம் எடுக்க திருத்தணி ஆஸ்பத்திரி வரைக்கும் ரயில்ல கூடவே வந்தீங்க, பாப்பாவ தோள்ல போட்டுக்கினு. காசு நீட்டுனதுக்கு திட்டுனீங்க. இன்னும் திட்டுங்க.

திருத்தணியில எக்ஸ்ரே எடுத்த அண்ணனுக்கு பெரிய நன்றி. நேரா ஒண்ணு பக்கவாட்டுல ஒண்ணு எடுத்துட்டு உத்து பாத்தார், டாக்டர கேட்டுக்கினு வந்து கால கொஞ்சம் உள் பக்கமா சாய்ச்சு இன்னொண்ணு எடுத்தார். அதுல தான் கோடு தெளிவா விழுந்துச்சு, முன் எலும்புல கீழ் பாகத்துல முடி மாதிரி சாய்வா ஒரு கோடு, ஓரத்துல வெள்ளையா புது எலும்பு வளர ஆரம்பிச்சிருந்துச்சு.

டாக்டர் சார், நீங்க எங்கள ஒரு வார்த்தை குத்தி பேசல. இதுக்கு டாட்லர் ஃப்ராக்சர்னு பேரு, நடக்க ஆரம்பிச்ச வயசுல இருந்து மூணு வயசு வரைக்கும் கால் முறுக்குனா வர்றது, எலும்ப சுத்தி இருக்குற உறை கிழியாததால விலகாது வீங்காது, முதல் நாள் படத்துல தெரியாம போறது சகஜம், ஏழு பத்து நாள் கழிச்சு புது எலும்பு வரும்போது தான் காட்டிக்குடுக்கும்னு பொறுமையா சொன்னீங்க. நான் சறுக்குமரத்த பத்தி சொல்லவே இல்ல, நீங்களா தான் "மடியில வெச்சு சறுக்குனீங்களா?"ன்னு கேட்டீங்க, அப்ப தான் எனக்கு அந்த கத்தல் ஞாபகம் வந்து உடைஞ்சு அழுதேன். கொழந்தை தனியா சறுக்குனா ஷூ மாட்டுனாலும் அதோட சின்ன வெயிட்டுக்கு நின்னுடும், பெரியவங்க வெயிட் பின்னாடி தள்ளும்போது தான் எலும்பு தாங்காதுன்னு சொன்னீங்க. நல்லதுன்னு நெனச்சு மடியில வெச்சவ நான்.

நர்ஸ் அக்கா, என்ன தனியா கூப்பிட்டு வீட்டுல யாராவது கொழந்தைய அடிச்சாங்களான்னு கேட்டீங்க. அப்ப சுருக்குன்னு இருந்துச்சு, பஸ்ல வரும்போது யோசிச்சேன், என் பாப்பாவுக்காக என்னையே சந்தேகப்பட்டு கேக்க ஒரு ஆள் இருந்துச்சேன்னு. அந்த கேள்விக்கும் நன்றிக்கா.

மூணு வாரம் கட்டு. அந்த மூணு வாரமும் எனக்கு பதிலா தறிக்கு நூல் தார் சுத்தி குடுத்த பக்கத்து வீட்டு அக்காங்க ரெண்டு பேருக்கும் கடன்பட்டிருக்கேன், கூலி நீங்களே எடுத்துக்கங்கன்னா கேக்கல. கட்டு பிரிச்சப்புறம் கொஞ்ச நாள் நொண்டுவா பயப்படாதீங்கன்னு முன்னாடியே சொல்லி அனுப்புனதால நாங்க பதறல.

கடைசியா ரயில்ல ஜன்னல் சீட் குடுத்த அம்மா. அரக்கோணம் போறேன்னு மட்டும் சொன்னீங்க. பாப்பா வலியில சிணுங்குனப்ப கால உங்க மடியில வெச்சுக்கினு, நம்ம லைன்ல வர்ற அந்த நீள பேர் ஸ்டேஷன், வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை, அத போர்ட பாத்து ஒவ்வொரு எழுத்தா இழுத்து இழுத்து படிச்சு காட்டுனீங்க, அவ அழுகைய விட்டுட்டு "பேட்டை பேட்டை"ன்னு சிரிச்சா, ஒன்பது நாளுல அன்னைக்கு தான் சிரிச்சா. பகல்ல எங்க தெருவுல கரண்ட் போயி தறி எல்லாம் நின்னா தான் ரயில் சத்தம் கேக்கும். நேத்து மத்தியானம் அப்படி நின்னுச்சு, ரயில் கேட்டுச்சு, "பேட்டை வந்துடுச்சு"ன்னு கத்திக்கினே வாசல் வரைக்கும் ஓடுனாம்மா.