சமையல் மாஸ்டர்களை வகுப்புக்கு அழைத்து வாருங்கள்

தமிழ்நாட்டுக் கேட்டரிங் கல்லூரி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உங்களிடம் படித்துவிட்டு வரும் பிள்ளைகளோடு தினமும் ஹோட்டல் கிச்சனில் நிற்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பெஷமல், வெலூட்டே, ஹாலண்டேஸ் என்று பிரெஞ்சு சாஸ் ஐந்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறார்கள். கத்தி பிடிப்பது, சுத்தம், எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஈரோட்டுப் பையனிடம் பள்ளிப்பாளையம் சிக்கன் செய்யச் சொன்னால் மல்லித்தூளையும் கரம் மசாலாவையும் தேடுகிறான்.

அந்தக் கறிக்கு மசாலாப் பொடியே கிடையாது. வரமிளகாயைக் கிள்ளி விதையை உதிர்த்துவிட்டு எண்ணெயில் போட்டு, அது கருகுவதற்குள் சின்ன வெங்காயத்தைக் கொட்டி வதக்கி, அப்புறம் கறி, மஞ்சள், உப்பு போட்டு, கறி விடுகிற தண்ணீரிலேயே வேகவிட்டு, கடைசியில் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். அவ்வளவுதான். மிளகாய் எந்த நிறத்துக்கு வரும்போது வெங்காயம் விழ வேண்டும் என்பதெல்லாம் அந்த ஊர்க்காரர் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பிடிபடும், எந்த நோட்டிலும் எழுதி வாங்க முடியாது.

செஃப் ஜேக்கப்பை உங்களுக்குத் தெரியும். டிவியில் பேர் வாங்கியதோடு நிற்காமல் கொங்குப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், அங்கே சமைக்கிறவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்தார். 2012இல், 38 வயதிலேயே போய்விட்டார். அவர் தனியாளாகச் செய்ததைக் கல்லூரிகள் சேர்ந்து செய்ய வேண்டாமா?

பிரெஞ்சுச் சமையலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெரு நாட்டு செஃப் கஸ்தோன் அக்கூரியோ பாரிஸில் சமையல் படித்தவர்தான், 1994இல் மனைவியோடு லிமாவில் திறந்ததும் பிரெஞ்சு உணவகம்தான். போகப் போகத் தன் நாட்டு மிளகாய், மீன், உருளைக்கிழங்கு பக்கம் திரும்பினார், உலகம் அவரைத் தேடி வந்தது அதற்குப் பிறகுதான். லிமாவை ஒட்டிய ஏழைக் குடியிருப்பான பச்சகுட்டெக்கில் 2007இல் சமையல் பள்ளியும் தொடங்கினார்.

நமக்கு ஆசிரியர்களுக்கா பஞ்சம்? ராமநாதபுரம் மாவட்டத்துக் கலையூர், சமையல்காரர்களின் ஊர் என்றே பேர் வாங்கியது. காய் நறுக்குவதில் தொடங்கி, பல வருடம் கழித்துத்தான் அங்கே கரண்டி பிடிக்கிறார்கள். இரண்டாயிரம் பேர் கல்யாணத்துக்குத் தராசு இல்லாமல் உப்புப் போடும் கை அது. அவர்களை உங்கள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள், ஒருநாள் விழாவுக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்ப அல்ல, ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடம் எடுக்க, மற்ற ஆசிரியர்களுக்குக் கொடுக்கிற அதே சம்பளத்தில். சர்ட்டிபிகேட் இல்லையே என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

டிரெய்னிங் மாதங்களில் ஒன்றையாவது ஸ்டார் ஹோட்டலுக்குப் பதிலாக ஒரு கிராமத்துச் சமையல் குழுவோடு கழிக்க விடுங்கள். அங்கே கற்ற பதார்த்தம் நாளைக்கு ஒரு மெனுவில் ஏறினால் சொல்லிக்கொடுத்தவர் பேரும் ஊரும் பக்கத்தில் அச்சாக வேண்டும், இதையும் முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுங்கள். ஏனென்றால் இன்றைக்கு மெனுவில் 'கிராமத்து ஸ்டைல்' என்று போட்டு நல்ல விலைக்கு விற்கிறோம், அந்தக் கிராமத்து அம்மாவுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போவதில்லை.

அடுத்த கல்வியாண்டுக்கே தொடங்கலாம். கொங்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த மாஸ்டர்களிடம் பேசி அழைத்து வருவது என் பொறுப்பு. தேதியை மட்டும் சொல்லுங்கள், முகூர்த்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு அவர்கள் கிடைக்க மாட்டார்கள்.