செயலாளரின் ஆண்டறிக்கை: புரூனி தீவும் ஒரு திருத்தச் சீட்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத் தலைநகரான ஹோபார்ட்டில் இயங்கும் நம் வரலாற்று வட்டம் இந்த ஆண்டு பதினொரு முறை கூடியது. ஜூலைக் கூட்டம் மழையால் நின்றுபோனது. எல்லாவற்றையும் விவரித்தால் தேநீர் ஆறிவிடும். அதனால் நவம்பரில் புரூனி தீவுக்குப் போய்வந்ததையும், அதையொட்டி நான் செய்த பிழையையும் மட்டும் சொல்கிறேன்.

கெட்டரிங் துறையில் படகேறினால் சிறிது நேரத்தில் தீவு வந்துவிடுகிறது. வடக்கும் தெற்குமாகக் கிடக்கும் இரண்டு துண்டுகளை ‘நெக்’ என்னும் ஒடுங்கிய மணல்திட்டுதான் சேர்த்துப் பிடித்திருக்கிறது. இது நியூனோன் என்னும் பூர்வகுடி மக்களின் மண். அவர்கள் இதை லுனவன்னா-அலன்னா என்றார்கள். வெள்ளையர்கள் அந்தப் பெயரை இரண்டாக நறுக்கி இரண்டு ஊர்களுக்கு வைத்தார்கள். தீவுக்கோ பிரெஞ்சுக் கடலோடி புரூனி தாந்த்ரகஸ்தோவின் பெயர்.

அட்வெஞ்சர் விரிகுடாவில் 1773இல் ஃபர்னோ, 1777இல் குக், 1788இல் பிளை என்று ஆங்கிலேயக் கடலோடிகளின் கப்பல்கள் தண்ணீருக்கும் விறகுக்கும் ஒதுங்கின. பிளை ஆப்பிள் கன்றுகளும் நட்டார். நம் ஆட்களில் பாதிப்பேருக்கு அந்த ஆப்பிள் கதைதான் பிடித்திருந்தது. ஆனால் வந்தவர்கள் சில நாளில் போய்விட்டார்கள். 1820களில் திமிங்கில வேட்டைக்காரர்கள் வந்து தங்கிய பிறகு நிலைமை வேறு. இந்தத் தீவில் 1812 வாக்கில் பிறந்தவர் ட்ருகனினி என்ற நியூனோன் பெண். அவருடைய தாய் வெள்ளையர்களால் கொல்லப்பட்டார். சகோதரியைக் கடல்நாய் வேட்டைக்காரர்கள் தூக்கிப் போனார்கள். 1829இல் அரசு அனுப்பிய ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன் பூர்வகுடிகளுக்கென இங்கே முகாம் அமைத்தார். அங்கு வந்து சேர்ந்தவர்களில் பலரை நோய் கொண்டுபோனது.

1876இல் ட்ருகனினி ஹோபார்ட்டில் இறந்தார். புதைத்த உடலைத் தோண்டியெடுத்து, 1904 முதல் 1947 வரை எலும்புக்கூட்டை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். 1976இல்தான் தகனம் நடந்தது. அவர் விரும்பியபடியே சாம்பல் தீவை ஒட்டிய கடல் கால்வாயில் கரைக்கப்பட்டது. நாம் படகில் கடந்ததும் அதே கால்வாய்தான். அப்போது நம்மில் பலர் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், நானும்தான்.

சரி, பிழைக்கு வருகிறேன். நான் எழுதி, 200 பிரதி அச்சடித்துக் கையில் கொடுத்த துண்டறிக்கையில் ட்ருகனினியைக் “கடைசி டாஸ்மேனியர்”, அதாவது டாஸ்மேனியப் பூர்வகுடிகளில் கடைசி ஆள், என்று போட்டிருந்தேன். நெக்கின் படிக்கட்டில் மூச்சு வாங்க நின்றிருந்த ஓர் அம்மா, “கடைசி என்றால் இன்றைக்கு இருக்கிறவர்கள் யார், செயலாளரே?” என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. டாஸ்மேனியப் பூர்வகுடிப் பெண்ணான ஃபேனி காக்ரன் ஸ்மித் 1905 வரை வாழ்ந்தார். 1899இலும் 1903இலும் அவர் பாடியவை மெழுகு உருளைகளில் பதிவாகியிருக்கின்றன. அவருடைய சந்ததியார் இந்த மாநிலத்திலேயே இருக்கிறார்கள். பலாவா கானி என்ற பெயரில் மொழியையும் மீட்டெடுத்து வருகிறார்கள். பூர்வகுடிகள் அழிந்துவிட்டார்கள் என்ற, குடியேற்றத்துக்குத் தோதாக இருந்த பொய்யை நான் யோசிக்காமல் திருப்பி எழுதியிருந்தேன்.

மறுபதிப்புக்குப் பொருளாளர் ஒப்பவில்லை. அதனால் இரண்டு மாலை என் வீட்டுச் சமையலறை மேசையில் ஐந்து பேர் உட்கார்ந்து, அந்த வரிமேல் திருத்தச் சீட்டு ஒட்டினோம். வெளிச்சத்தில் பிடித்தால் பழைய வரி இன்னும் தெரிகிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நிர்வாகிகள் தேர்தல் அதற்குப் பிறகு. சீட்டு ஒட்டாத பிரதி யார் வீட்டிலாவது இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பசை என் பையில்தான் இருக்கிறது.

நன்றி.
செயலாளர்