பதினோரு கிளப்பில் பெயர் எழுதிய மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நேற்று இரவு நீ போனை வைத்த பிறகு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. "எல்லாம் நல்லாத்தாம்ப்பா இருக்கு" என்றாய். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. சின்ன வயதில் பள்ளியில் எதையாவது தொலைத்துவிட்டு வந்த நாட்களிலும் நீ இப்படித்தான். முதலில் "ஒண்ணும் இல்லப்பா" என்பாய், மீதி மெதுவாக வரும். நேற்றும் அப்படித்தான் வந்தது. கல்லூரியில் முதல் வாரம் கிளப்காரர்கள் எல்லாரும் மேசை போட்டு உட்கார்ந்திருந்த அன்று பதினோரு கிளப்பில் பெயர் எழுதிக் கொடுத்தாய். ஆறு வாரம் ஆகிவிட்டது, ஒரு கிளப்புக்குக்கூடப் போகவில்லை. கணக்குப் பாடம் பிடிபடவில்லை. கட்டுரைக்காக ஒரு நாள் முழுக்க இணையத்தில் தேடியும் உருப்படியாக எதுவும் அகப்படவில்லை. கடைசியில், "எல்லாருக்கும் எல்லாம் தெரியுதுப்பா, எனக்கு மட்டும்தான் தெரியல" என்றாய். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒரு விஷயம். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம், வகுப்புக்குப் போகும் வராந்தாவில்தான் எங்கள் கணக்குப் பேராசிரியரின் அறை இருந்தது. கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார். செவ்வாய், வியாழன், மாலை 3 முதல் 4.30 வரை. நீல மையில் எழுதியது. வெயில் பட்டுப் பட்டு அது மங்கிக்கொண்டே வந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போவேன். அந்த நேரத்தில் அவர் ஏதோ முக்கியமான வேலையில் இருப்பார், தொந்தரவு செய்யக் கூடாது, அதற்காகத்தான் எழுதி ஒட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். நான் நினைத்தது தப்பு என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

முதல் செமஸ்டரில் கணக்கில் தோற்றேன். மறுதேர்வுப் படிவத்தில் கையெழுத்து வாங்கத்தான் அந்த அறைக்குள் முதல் தடவை நுழைந்தேன். அவர் என் விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, பென்சிலால் ஓர் இடத்தில் வட்டம் போட்டார். "இந்த ஒரு இடம்தாம்பா உனக்குப் புரியல. லிமிட்ங்கிற அடிப்படை. இதை விட்டுட்டு அதுக்கு மேல கட்டிக்கிட்டே போயிருக்க. முன்னாடியே வந்திருந்தா அரை மணி நேர வேலை." அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "செவ்வாயும் வியாழனும் நான் இங்கதான் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் வரல."

அந்தக் கதவு பூட்டியே இருந்ததில்லை, பாப்பா. நான்தான் தள்ளிப் பார்க்கவில்லை.

உன் பேராசிரியர்களும் இப்படி ஒரு நேரத்தைக் கொடுத்திருப்பார்கள். கதவில் இருக்கும், அல்லது முதல் வகுப்பில் கொடுத்த பாடத்திட்டத் தாளில் இருக்கும். அது உனக்காக ஒதுக்கிய நேரம். போகும்போது வெறும் கையோடு போய் "புரியல" என்று நிற்காதே. அப்படிச் சொன்னால் அவருக்கும் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாது. நீ போட்டுப் பார்த்த கணக்கு, தப்பானதே ஆனாலும், அந்தத் தாளைக் கொண்டுபோ. "மூணாவது வரி வரைக்கும் வந்துட்டேன், நாலாவது வரி எப்படி வருதுன்னு தெரியல" என்று சொல். அடித்து அடித்து எழுதிய தாள் என்று வெட்கப்படாதே, அந்த அடித்தல்களில்தான் நீ எங்கே திரும்பினாய் என்பது அவருக்குத் தெரியும். இன்னொன்று, தேர்வுக்கு முந்தின வாரம் எல்லாரும் அந்தக் கதவு முன்னால் வரிசையில் நிற்பார்கள். இப்போது யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டு வருடம் கழித்து மேற்படிப்புக்கோ வேலைக்கோ பரிந்துரைக் கடிதம் தேவைப்படும்போதும், உன் முகம் தெரிந்த ஒருவர்தான் அதை எழுத முடியும்.

கணக்கைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1970களில் யூரி டிரீஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவர், முதலாண்டு கால்குலஸ் (நுண்கணிதம்) பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் ஏன் தோற்கிறார்கள் என்று பார்க்கக் கிளம்பினார். ஆர்வம் போதவில்லை, பள்ளிப்படிப்பு சரியில்லை, வீட்டில் ஊக்கமில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர் கறுப்பின மாணவர்கள் 20 பேர், சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேர் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய் மாதக்கணக்கில் கூட இருந்து பார்த்தார். சொன்ன காரணம் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் நன்றாகத்தான் உழைத்தார்கள், ஆனால் பெரும்பாலும் தனியாக. நன்றாகச் செய்த மற்றவர்களோ, தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கூடி உட்கார்ந்து, ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்தார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால், அது கடினமான கணக்கு என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாக உட்கார்ந்தவனுக்கோ, தனக்கு மண்டையில் ஏதும் இல்லை என்று தோன்றியது. அதன்பிறகு டிரீஸ்மன், கடினமான கணக்குகளைக் கூட்டமாக உட்கார்ந்து போடும் பட்டறைகளைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது.

இதைப் படித்தபோது எனக்கு என் முதல் வருட விடுதி அறைதான் ஞாபகம் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒரே கணக்கை நாலு தடவை போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையிலும் ஒருவன் அதே கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருப்பான். "எனக்கு மட்டும்தான் தெரியல" என்று நீ நேற்று சொன்னாயே, அதே வார்த்தையை உன் வகுப்பில் எத்தனை பேர் வீட்டுக்குப் போன் செய்து சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார். மூன்று பேரைச் சேர்த்துக்கொள். வாரத்தில் ஒரு மாலை போதும். வருவதற்கு முன் எல்லாரும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இரு. இல்லாவிட்டால் ஒருத்தி போடுவாள், மற்றவர்கள் பார்த்து எழுதுவீர்கள்.

அடுத்து அந்தக் கட்டுரை. ஒரு நாள் முழுக்கத் தேடினேன் என்றாய். நூலகத்துக்குப் போனாயா என்று கேட்டேன். "அங்க போய் என்ன கேக்கறதுன்னு தெரியலப்பா" என்றாய். நூலகர் புத்தகத்துக்கு முத்திரை போட மட்டும் உட்கார்ந்திருப்பவர் இல்லை. தேடுவது எப்படி என்பதையே படித்து வந்தவர். நீ எந்தச் சொற்களைப் போட்டுத் தேடினாய், என்ன கிடைத்தது, எது போதவில்லை, இந்த மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு அவர் முன்னால் போய் உட்கார். அவர் உன் சொல்லை மாற்றிப் போடுவார். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும், அதன் கடைசியில் இருக்கும் பட்டியலைப் பார்த்துப் பின்னோக்கிப் போகவும், அதை மேற்கோள் காட்டிய பிந்தைய கட்டுரைகளைப் பார்த்து முன்னோக்கிப் போகவும் காட்டித் தருவார். வீட்டிலிருந்து தேடினால் காசு கேட்கும் ஆய்விதழ்கள் பல, கல்லூரி கொடுத்த இணையக் கணக்கில் நுழைந்தால் இலவசமாகத் திறக்கும். அதற்கான சந்தாவை நூலகம் ஏற்கெனவே கட்டிவிட்டது. இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் ஏற்பாடும் பல கல்லூரிகளில் உண்டு. கேட்டவர்களுக்குத்தான் அது இருப்பதே தெரியும்.

நேரம் இருந்தால் சும்மா ஒருநாள் அலமாரிகளுக்கு நடுவே நடந்து பார். அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி புத்தகங்களை அடுக்க 1876இல் வெளியிட்ட எண்முறையை இன்றைக்கும் ஏராளமான நூலகங்கள் பின்பற்றுகின்றன. கணிதத்துக்கு 510, வானியலுக்கு 520. உன் கல்லூரியில் வேறு முறை இருக்கலாம், ஆனால் எந்த முறையானாலும் ஒரே பொருளைப் பற்றிய புத்தகங்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். நான் தேடிப் போன புத்தகத்தைவிட அதற்கு இரண்டு புத்தகம் தள்ளி இருந்தது எனக்கு அதிகம் உதவிய நாட்கள் பல. மறுதேர்வுக்குப் படித்த புத்தகமும் அப்படிக் கையில் அகப்பட்டதுதான்.

இனி எழுதப் போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. உன் கல்லூரியில் மனநல ஆலோசகர் இருக்கிறார். அந்த அறை எங்கே இருக்கிறது, எப்படி நேரம் வாங்குவது என்று இந்த வாரமே தெரிந்து வைத்துக்கொள், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். மனது சரியில்லாத நாளில் போய்த் தேடிக்கொண்டிருக்க முடியாது. சில இடங்களில் நேரம் கிடைக்கவே நாளாகும். நீ அங்கே பேசுவது பொதுவாக வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைகளில் மட்டும்தான் மற்றவர்களுக்குச் சொல்வார்கள். நானே போன் செய்து கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். அது எனக்குச் சம்மதம், பாப்பா. என்னிடமோ அம்மாவிடமோ சொல்ல முடியாதது ஒன்று உனக்கு இருக்கலாம். அதை நீ எங்காவது இறக்கி வைத்தாய் என்றால் எனக்கு அதுவே போதும்.

பண விஷயமும் அப்படித்தான். கட்டணம் கட்ட வேண்டிய தேதி நெருங்குகிறது, இங்கிருந்து அனுப்பத் தாமதமாகிறது என்றால், தேதி தாண்டும் முன்பே மாணவர் நல அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிடு. முன்கூட்டிச் சொன்னால் வழி இருக்கும்.

சரி, கிளப்புகளுக்கு வருகிறேன். பதினோரு பெயரில் இரண்டை மட்டும் வைத்துக்கொள். மற்ற ஒன்பதையும் மறந்துவிடு, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்த நாடகக் கிளப்பில் விளக்குகளை இயக்க ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னபோது உன் குரல் மாறியது. எனக்குக் கேட்டது. மின்சாரம் போன இரவுகளில் டார்ச் விளக்குக்கு மேலே மிட்டாய்த் தாளைச் சுற்றி, சிவப்பும் பச்சையுமாகச் சுவர் முழுக்க நிழல் விளையாடுவாயே, அந்தக் குரல் அது. "நடிக்கத் தெரியாதேப்பா" என்று நீயே பதிலும் சொல்லிக்கொண்டாய். அவர்கள் கேட்பது விளக்குக்கு ஆள்தானே.

அமெரிக்காவில் எம்ஐடி என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1946இல் தொடங்கிய ஒரு மாணவர் கிளப் உண்டு. பொம்மை ரயில் விடும் கிளப். ரயிலையும் ஸ்டேஷனையும் அழகாகச் செய்பவர்கள் ஒரு பக்கம். இன்னொரு கூட்டத்துக்கு ரயிலில் அவ்வளவு நாட்டமில்லை. மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு, தொலைபேசி இணைப்பகங்களில் பயன்பட்ட ரிலே என்னும் மின் சுவிட்சுகளையும் வயர்களையும் வைத்து, எந்த ரயில் எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் அமைப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் அப்படியே கணினிப் பக்கம் நகர்ந்தார்கள். ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 1962இல் உருவாக்கிய ஸ்பேஸ்வார், உலகின் முதல் வீடியோ கேம்களில் ஒன்று, அந்த வட்டத்திலிருந்து வந்ததுதான். ஹேக்கர் என்ற சொல் கணினி உலகத்துக்கு வந்ததிலும் அந்தக் கிளப்புக்குப் பங்கு உண்டு. மேசைக்கு அடியில் இருப்பது பிடித்தவர்களுக்கும் அங்கே இடம் இருந்தது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் கூட்டம் சங்கடமாகத்தான் இருக்கும். சீனியர்கள் ஒருவரை ஒருவர் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், உனக்குப் புரியாத பழைய கதைக்கு எல்லாரும் சிரிப்பார்கள். ஒரே நாளில் பார்த்துவிட்டு "நமக்கு ஆகாது" என்று திரும்பிவிடாதே, மூன்று தடவை போ. பத்து நிமிடம் முன்னதாகப் போய் நாற்காலி போடவோ வயரைச் சுருட்டவோ கை கொடு. கை வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும், "நீ எந்த டிபார்ட்மென்ட்?" என்று யாராவது கேட்பார்கள். மூன்று தடவைக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடு. புதிதாக வந்தவர்களை அவமானப்படுத்தித்தான் சேர்த்துக்கொள்வோம் என்கிற இடமாக இருந்தால் மூன்றுவரை எண்ணாதே, அன்றைக்கே வெளியே வா, கல்லூரியிலும் சொல், எனக்கும் சொல்.

எழுத எழுத நீண்டுவிட்டது. இத்தனையையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம். இந்த வாரத்துக்கு இரண்டே இரண்டு வேலை. கணக்குப் பேராசிரியர் கதவில் எழுதியிருக்கும் நேரத்தைப் பார்த்து ஒரு தாளோடு போ. நாடகக் கிளப் எந்தக் கிழமை கூடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது மார்க் எவ்வளவு என்று கேட்க மாட்டேன். அந்த விளக்குப் பலகையில் எத்தனை சுவிட்ச் இருக்கிறது என்று கேட்பேன், எண்ணி வை.

அன்புடன்,
அப்பா