எம்.சி.எச்.சி. எண்ணை யார் பார்ப்பது? வன்னிச் சுகாதாரப் பணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கு,

எப்.பி.சி. எனப்படும் முழுக் குருதிக் கணக்கெடுப்பு அறிக்கையில் ஈமோகுளோபினுக்குக் கீழே எம்.சி.எச்.சி. என்றொரு வரி இருக்கிறது. செங்குழியங்களுக்குள் ஈமோகுளோபின் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதே அதன் பொருள். ஈமோகுளோபினைக் குருதியிலுள்ள செங்குழியங்களின் கனவளவு வீதத்தால், அதாவது பி.சி.வி.யால் பிரித்து 100ஆல் பெருக்கினால் அது வரும். ஈமோகுளோபின் 11.4, பி.சி.வி. 34 என்றால் 33.5. சாதாரண எல்லை டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 32 முதல் 36 கிராம் வரை. சில இயந்திரங்கள் இதையே 320, 360 என்று லீற்றர்க் கணக்கில் அச்சிடும். அதைப் பார்த்து யாரும் பதறத் தேவையில்லை.

இந்த எண், நோயாளியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரத்தம் எடுத்த குழாயைப் பற்றிப் பேசுகிறது. எங்கள் மாவட்டங்களில் கவனிக்கப்பட வேண்டியது இதுதான்.

மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ காலையில் எடுத்த இரத்தம் வெயிலில் பயணித்துப் பின்னேரம் இயந்திரத்துக்குள் போனால், செங்குழியங்கள் நீரை உறிஞ்சி வீங்கிவிடும். எம்.சி.வி., அதாவது ஒரு செங்குழியத்தின் சராசரிக் கனவளவு, ஏறும், எம்.சி.எச்.சி. இறங்கும், ஈமோகுளோபின் மட்டும் அப்படியே நிற்கும். அறிக்கையில் விழும் 'குறைவு' அடையாளத்தைப் பார்த்து, இரும்புச்சத்துப் போதாது என்று கர்ப்பிணித் தாய்க்குச் சொல்லிவிடுவது எளிது. உண்மையில் இரும்புச்சத்துக் குறைவென்றால் எம்.சி.வி., எம்.சி.எச். (ஒரு செங்குழியத்திலுள்ள ஈமோகுளோபினின் சராசரி அளவு) இரண்டும் முதலில் விழும், எம்.சி.எச்.சி. பெரும்பாலும் பிந்தித்தான் விழும். எம்.சி.வி. 102, எம்.சி.எச்.சி. 29 என்று சோடியாக வந்தால், இரத்தம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள். அடுத்ததாக நோயாளியின் சீனியைப் பாருங்கள், ஏனெனில் மிக உயர்ந்த சீனியும் இதே தோற்றத்தைத் தரும். டெக்ஸ்ட்ரோஸ் (சீனி) சேலைன் ஏறும் கையிலிருந்து எடுத்த இரத்தமும் அப்படித்தான்.

வெயிலுக்குப் பயந்து குழாயை ஐஸ்கட்டியோடு ஒட்டி வைப்பதும் பிழை. உறைந்த செங்குழியங்கள் உடையும். வெளியே கொட்டிய ஈமோகுளோபினும் கணக்கில் சேர, எம்.சி.எச்.சி. பொய்யாக ஏறும். ஐஸுக்கும் குழாய்க்கும் இடையில் துணியோ அட்டையோ இருக்க வேண்டும். ஊதா மூடிக் குழாயைக் கோடு வரை நிரப்பி, குலுக்காமல் 8 முதல் 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இரத்தம் குறைந்தால், அது கட்டியாகாமல் தடுக்கக் குழாயில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. மிகுந்து செங்குழியங்கள் சுருங்கும்.

36.5ஐத் தாண்டிய எந்த எம்.சி.எச்.சி.யும் சரிபார்க்கப்படாமல் வெளியே போகக்கூடாது என்று கட்டளை இடுங்கள். ஈமோகுளோபினை 3ஆல் பெருக்கினால் பி.சி.வி.க்கு அருகில் வரவேண்டும். 11.4க்கு 24 என்று வந்தால் எம்.சி.எச்.சி. 47.5 ஆகும். அப்படியொரு செறிவு செங்குழியத்தில் இருக்க முடியாது. குளிரில் செங்குழியங்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். குழாயை 37 பாகை செல்சியசில் 30 நிமிடம் வைத்து உடனே மீண்டும் ஓட்டினால் எண் இறங்கும். இறங்காவிட்டால் குழாயை மையநீக்கி இயந்திரத்தில் சுழற்றிப் பாருங்கள். மேல்நீர் பால் போலிருந்தால் கொழுப்பு. அந்த மேல்நீரை எடுத்து அதே அளவு சேலைன் விட்டுக் கலந்து ஓட்ட வேண்டும். சிவந்திருந்தால் புது இரத்தம் எடுக்க வேண்டும். எதுவும் இல்லாமல் எண் 37, 38இல் நின்றால் மட்டுமே பரம்பரை உருண்டைச் செங்குழிய நோயைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு இரத்தப் பூச்சுக் கண்ணாடியை ஒருவர் நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும்.

எம்.சி.எச்.சி. 33 என்று அழகாக இருப்பதாலேயே இரத்தம் போதும் என்று ஆகாது. சிறுநீரக நோயால் வரும் இரத்தசோகையில் இந்த எண் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும், ஈமோகுளோபின் மட்டும் 8க்குக் கூட இறங்கும். சிறுநீரக நோய் காணப்படும் செட்டிகுளம், வவுனியா தெற்குப் பக்கத்து விவசாயிகளுக்கு இது மிகவும் முக்கியம். டெங்குவில் பி.சி.வி. ஏறும்போது ஈமோகுளோபினும் கூடவே ஏறுவதால் எம்.சி.எச்.சி. அசையாது, அசைந்தால் பி.சி.வி.யை மறுபடி வாசியுங்கள்.

கேட்பவை இரண்டே. பரிசோதனைப் படிவத்திலும் குழாயிலும் இரத்தம் எடுத்த நேரத்தை எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். 'கூட', 'குறைய' என்ற அடையாளங்களோடு மட்டும் அறிக்கையைத் தாயின் கையில் கொடுத்தனுப்பாமல், மருத்துவமாதுவோ வைத்தியரோ எம்.சி.வி.யையும் சேர்த்து வாசித்து, தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வன்னியில் பணிபுரியும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள் சிலர்