பட்டனைத் தட்டினால் இட்டாலிக் வந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கொஞ்ச நாளாகப் பேட்டிக்கு நடுவே, பேசியவர் சொன்ன ஒரு வரியைப் பெரிதாக எடுத்துப் பெட்டி கட்டிப் போடுகிறீர்கள். நல்ல விஷயம்தான், சும்மா புரட்டிக்கொண்டு போகிறவரையும் அது நிறுத்தி வைக்கிறது. ஆனால் அந்த வரியைத் தடிமனாக்கி, அதோடு விடாமல் வலப்பக்கம் சாய்த்தும் போடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன வாரப் பெட்டியில் தமிழ் வரிக்குக் கீழேயே அவருடைய ஆங்கிலப் புத்தகத்தின் பெயர் டைம்ஸ் என்ற ஃபாண்டின் போல்டு இட்டாலிக்கில், அதாவது தடித்துச் சாய்ந்த வடிவத்தில் இருந்தது. ஆங்கிலம் பாந்தமாக உட்கார்ந்திருக்கிறது, தமிழ் மட்டும் யாரோ பிடித்துத் தள்ளிவிட்ட மாதிரி நிற்கிறது.

காரணம் இதுதான். அந்த ஆங்கில எழுத்து, நிமிர்ந்த போல்டைச் சாய்த்துச் செய்தது இல்லை, முதலிலிருந்து தனியாக வரைந்தது. எழுத்தின் அளவை 1,000 பங்காக வைத்துக்கொண்டால், கம்ப்யூட்டரில் இருக்கும் டைம்ஸ் போல்டில் செங்குத்துக் கோட்டின் தடிமன் 139 பங்கு, போல்டு இட்டாலிக்கில் 121தான். சின்ன எம் போல்டில் 833 பங்கு அகலம், போல்டு இட்டாலிக்கில் 778. இட்டாலிக் இயல்பிலேயே ஒடுக்கமானது. அதன் தலையில் போல்டின் முழுக் கனத்தையும் ஏற்றினால் உள்ளே இருக்கிற வெள்ளை இடம் அடைத்துக்கொள்ளும், அதிலும் நியூஸ்பிரிண்டில் மை பரவும் என்பதால் சின்ன ஈ-யின் கண்ணே மூடிப்போகும். அதனால்தான் கனத்தைக் குறைத்திருக்கிறார்கள், ஆனாலும் படிக்கிறவர் கண்ணுக்கு அது போல்டுதான். வடிவமும் மாறுகிறது. சின்ன ஏ-யின் தலைக்கு மேல் வளைந்திருக்கும் கொக்கி போய் வெறும் வயிறும் காலும் மிஞ்சும், எஃப் வரிக்குக் கீழே வால் விடும், காலடியில் பட்டையாக இருக்கிற செரிஃபுக்கு, அதாவது கோட்டின் நுனியில் வரும் சின்னக் குறுக்குக் கோட்டுக்குப் பதில் பேனா இழுத்துவிட்ட மாதிரி சின்ன வளைவு வரும். இவ்வளவும் செய்த பிறகுதான் அந்த 15 டிகிரி சாய்வு எடுபடுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால் போல்டுக்கும் இட்டாலிக்குக்கும் ஆதியில் எந்த உறவும் இல்லை. வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளர் 1501இல் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகளைக் கைக்கு அடக்கமான புத்தகமாகப் போட்டார், அதற்குப் பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிக்கொடுத்த இட்டாலிக்கில்தான் முழுப் புத்தகமும் அச்சானது, எந்தச் சொல்லையும் அழுத்திக் காட்டுவதற்காக இல்லை, அன்றைக்குப் படித்தவர்களின் கையெழுத்து அப்படி இருந்தது, அவ்வளவுதான். அதில் பெரிய எழுத்துகள் நிமிர்ந்தேதான் நிற்கும். போல்டு வந்தது 19ஆம் நூற்றாண்டு லண்டனில், லாட்டரிச் சீட்டு, சுவரொட்டி என்று தெருவில் கூவி விற்க வேண்டியிருந்தபோது. அப்புறம் உலோகத்தை உருக்கி வரி வரியாக வார்க்கும் லைனோடைப் இயந்திரங்களின் காலத்தில், ஒரு மேட்ரிக்ஸில், அதாவது எழுத்தை வார்க்கும் அச்சில், இரண்டு வடிவம்தான் இருக்கும். நிமிர்ந்த எழுத்தோடு இட்டாலிக் அல்லது போல்டு, ஏதாவது ஒன்றைத்தான் ஜோடி சேர்க்க முடியும். சாதா, இட்டாலிக், போல்டு, போல்டு இட்டாலிக் என்று நான்கும் இருந்தே ஆக வேண்டும் என்கிற எண்ணத்தை எல்லார் மனதிலும் பதியவைத்தது கம்ப்யூட்டரில் போல்டுக்கு ஒன்று, இட்டாலிக்குக்கு ஒன்று என்று இருக்கிற அந்த இரண்டு பட்டன்கள்தான். திரைக்கென்றே மாத்யூ கார்ட்டர் வரைந்து 1996இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஜார்ஜியாவிலும் நான்கும் தனித்தனியாக வரைந்தவையே.

நம் தமிழ் ஃபாண்ட்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நான்காவது உருப்படியான போல்டு இட்டாலிக் கிடையாது. இருந்தாலும் பட்டனைத் தட்டினால் மென்பொருள் மாட்டேன் என்று சொல்லாது, எழுத்தின் மேல் பாகத்தை வலப்பக்கம் தள்ளிக் கொடுத்துவிடும். உங்கள் பெட்டியில் இருந்த 'முயற்சி'யையே எடுத்துப் பாருங்கள். புள்ளி உயரத்தில் இருப்பதால் அதுதான் அதிகமாக நகர்கிறது, ற-வின் தலையை விட்டுச் சி-யின் பக்கமாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. மு-வின் அடிப்பகுதியும் ற-வின் வாலும் எதிர்ப்பக்கமாக இழுபடுகின்றன. ட, ப மாதிரி மூலைமட்டம் பிடித்த எழுத்துகள் சாய்ந்தால் கதவு நிலை கோணிக்கொண்டது போல் இருக்கிறது. ண-வின் சுழிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், போல்டில் ஏற்கெனவே மூச்சுமுட்டிக் கிடக்கின்றன.

தமிழைச் சாய்க்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வாரப் பத்திரிகைகளில் கதைத் தலைப்புகளை ஓவியர்கள் தூரிகையால் சாய்த்து எழுதிய காலத்தில் புள்ளி எங்கே விழ வேண்டும் என்பது கைக்குத் தெரிந்திருந்தது. இப்போதும் தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார் ஃபாண்ட் இருக்கிறது, சாய்வாகவே வரைந்த தமிழ், இலவசமாகக் கிடைக்கிறது. கையெழுத்துச் சாயல் கொண்டது, எல்லாச் செய்திக்கும் பொருந்தாதுதான், ஆனாலும் சாய்வு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஆங்கிலத்திலும் போல்டு இட்டாலிக் கொஞ்சமாகப் பயன்படுத்த வேண்டிய சரக்கு. போல்டுத் தலைப்புக்குள் புத்தகத்தின் பெயரோ செடியின் அறிவியல் பெயரோ வந்தால் அது வேண்டும், இயற்பியல் புத்தகத்தில் வெக்டாரைக் காட்ட அது வேண்டும். ஒரு பத்தி முழுக்க அதில் போட்டால் எவரும் படிக்கமாட்டார்கள்.

அதனால் வரும் வாரத்திலிருந்து பெட்டிக்குள் இருக்கும் தமிழை நிமிர்த்திவிடுங்கள். போல்டு அப்படியே இருக்கட்டும், வேண்டுமானால் 2 பாயிண்ட் கூட்டி, வரிகளுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள். கீழே வரும் ஆங்கிலப் புத்தகப் பெயரை மட்டும் தொடாதீர்கள், அது சரியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
டிடிபி வேலை பார்க்கும் வாசகர்,
சிவகாசி